மீனும் லேப் ரிப்போர்ட்டும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் தூசு அலர்ஜி பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூசியை விட்டுவிட்டு மீனுக்குத் தாவிவிட்டன. அதிலும் பலர் லேப் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, ‘இதற்கு என்ன அர்த்தம் டாக்டர்?’ என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். என்ன சாப்பிட்டார்கள், எப்போது என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. அது இல்லாமல் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? கதையோடு எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கடலூரிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஒன்பது வயது. ஒரு விசேஷ வீட்டில் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, விடாமல் இருமல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது. பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மொத்த ஐஜிஇ 640, மீன் 2.1, இறால் 0.5, முட்டை 0.4, கோதுமை 0.4 என்று வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ‘பாசிட்டிவ்’ என்று போட்டிருக்கிறார்கள். இனி பிள்ளைக்கு எதைத்தான் கொடுப்பது? முட்டை இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

முட்டையைத் தாராளமாகக் கொடுங்கள் அம்மா. நேற்று வரைக்கும் முட்டையும் சப்பாத்தியும் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு, ஒரு தாளில் 0.4 என்று வந்ததற்காக இரண்டையும் நிறுத்துவது அநியாயம். இறாலும் அப்படியே, இதுவரை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த எண்ணை மறந்துவிடலாம், இதுவரை கொடுத்ததே இல்லை என்றால் மட்டும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இந்தப் பரிசோதனை என்ன பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐஜிஇ என்பது ரத்தத்தில் ஓடுகிற ஓர் எதிர்ப்புப் புரதம். அதில் மீனைக் குறிவைத்து உருவானது எவ்வளவு, முட்டையைக் குறிவைத்தது எவ்வளவு என்று தனித்தனியாக அளக்கிறார்கள். 0.35-க்கு மேலே போனால் பாசிட்டிவ் என்று அச்சடிப்பது பல காலமாக இருக்கிற வழக்கம். 0.7 முதல் 3.5 வரை இரண்டாம் வகுப்பு, 100-ஐத் தாண்டினால் ஆறாம் வகுப்பு என்றெல்லாம் பிரித்தும் போடுவார்கள். ஆனால் பாசிட்டிவ் என்றால் ‘உடம்பு இந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது’ என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. அடையாளம் தெரிந்த எல்லோரோடும் உடம்பு சண்டைக்குப் போவதில்லை. சாப்பிட்டால் ஒன்றுமே ஆகாத எத்தனையோ பேரின் ரத்தத்தில் அந்த உணவுக்கான ஐஜிஇ இருக்கிறது.

மொத்த ஐஜிஇ 640 என்பதைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது தடித்த எழுத்தில் இருந்திருக்கும். மீன் விஷயத்தில் அந்த எண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. வயிற்றில் பூச்சி இருந்தால் ஏறும், தோல் கரப்பான் இருந்தால் ஏறும், தூசிக்குத் தும்முகிற பிள்ளைக்கும் ஏறும்.

அப்படியானால் மீனுக்கு வந்த 2.1 மட்டும் ஏன் முக்கியம்? உங்கள் கடிதத்தின் முதல் மூன்று வரிகள்தான் காரணம். மீன் சாப்பிட்டான், கொஞ்ச நேரத்தில் உதடும் தோலும் மூச்சும் ஒன்றாகக் கெட்டன. கதை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது 2.1 என்ற சின்ன எண்ணும் பெரிய சாட்சி. இதே 2.1 வாராவாரம் மீன் சாப்பிடுகிற பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்திருந்தால் நான் கண்டுகொள்ளவே மாட்டேன். கதையே கேட்காமல் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹ்யூ சாம்ப்சன் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் மீனுக்கு 20-ஐத் தொட்டால் அலர்ஜி கிட்டத்தட்ட நிச்சயம் என்று வந்தது. அதற்குக் கீழே இருக்கிற பரந்த இடத்தில் எண் தனியாக எதையும் முடிவு செய்யாது. இன்னொன்று, எண் பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2.1 வைத்துக்கொண்டு மூச்சு முட்டியவர்களும் உண்டு, 30 வைத்துக்கொண்டு வாய் அரிப்போடு தப்பியவர்களும் உண்டு.

உங்கள் ரிப்போர்ட்டில் மீன் என்று போட்டிருக்கிறதே, அது எந்த மீன் தெரியுமா? பெரும்பாலும் காட். வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடலில் கிடைக்கிற மீன், நம் மார்க்கெட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வஞ்சிரம் சாப்பிட்டவனை காட் மீனை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், மீன் அலர்ஜியில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பார்வால்புமின் என்ற ஒரே தசைப் புரதம், அது மீனுக்கு மீன் ஏறக்குறைய ஒரே ஜாடையில் இருக்கும். வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் எளிதில் அழியாது. அதனால் காட் மீனுக்கு மாட்டுகிறவர் பெரும்பாலும் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் மாட்டுவார். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். சிலருக்குக் காட் பரிசோதனை நெகட்டிவாக வந்து, நம்மூர் மீன் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கும். கெண்டை மீனின் பார்வால்புமினை வைத்துச் செய்கிற பரிசோதனையும் இருக்கிறது. ரோகு, கட்லா எல்லாம் கெண்டைக் குடும்பம்தான் என்பதால் நமக்கு இது கொஞ்சம் பக்கத்துச் சொந்தம். கதை பலமாக இருந்து காட் நெகட்டிவ் என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு எல்லா மீனையும் நிறுத்துங்கள், கருவாடும் சேர்த்து. அப்புறம் அந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, என்ன ஊசி போட்டார்கள் என்று பாருங்கள். தடிப்போடு இருமலோ மூச்சிரைப்போ சேர்ந்து வந்தால் முதலில் போட வேண்டியது தொடைத் தசையில் அட்ரினலின். அவிலும் ஸ்டீராய்டும் அதற்குப் பிறகுதான். வெளிநாட்டில் பேனா மாதிரி பையில் வைத்துக்கொள்கிற அட்ரினலின் ஊசி நம்மூர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் எவ்வளவு மருந்து, எப்படி ஏற்றுவது, எங்கே குத்துவது என்று உங்கள் குழந்தை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

தூத்துக்குடி வாசகர்: மெஸ்ஸில் சூரை மீன் குழம்பு சாப்பிட்ட நாலு பேருக்கும் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு. நான் மட்டும் பயந்துபோய் மீனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தேன். நெகட்டிவ். லேப் தப்பா?

லேப் சரி, மீன்தான் தப்பு. ஒரே குழம்பைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் ஒரே நாளில் அலர்ஜி வருமா? சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீனை ஐஸில் வைக்காமல் வெயிலில் போட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியின்போது நம் உடம்பு தானே கொட்டுகிற அதே ஹிஸ்டமின் இங்கே தட்டிலேயே பரிமாறப்படுகிறது, அதனால்தான் பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, நாற்றமும் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. சிலருக்கு நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு சுருக் மட்டும் தெரியும். நீங்கள் மீனை விட வேண்டாம், அந்த மெஸ்ஸில் மீனை விட்டால் போதும். மீனை வெயிலில் போடாமல் ஐஸில் வையுங்கள் என்று அவர்களிடம் சொன்னாலும் தப்பில்லை!

கோவை வாசகி: எனக்கு வருஷம் முழுக்கத் தும்மல். அதற்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் இறால் பாசிட்டிவ், மீன் நெகட்டிவ். நான் இறாலும் மீனும் நன்றாகச் சாப்பிடுகிறவள். ஒன்றும் ஆனதில்லை. விட்டுவிடவா?

விடாதீர்கள். உங்கள் தும்மலுக்குக் காரணம் மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கிற தூசுப்பூச்சியாக இருக்கலாம். அந்தப் பூச்சிக்கும் கரப்பான்பூச்சிக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம் பொது. தூசுப்பூச்சிக்கு எதிராக உங்கள் உடம்பு செய்துவைத்த ஐஜிஇ, லேப் குழாயில் இறால் புரதத்தைப் பார்த்ததும் அதிலும் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான். மீனுக்கும் இறாலுக்கும் கடல் ஒன்று என்பதைத் தவிர இந்த விஷயத்தில் உறவு இல்லை. மீன் ஒத்துக்கொள்ளாதவர் இறால் சாப்பிடலாம், இறால் ஒத்துக்கொள்ளாதவர் மீன் சாப்பிடலாம். நம் வீடுகளில் இரண்டையும் ஒரே தவாவில் ஒரே எண்ணெயில் பொரிப்பார்கள், அதுதான் தொல்லை.

சென்னையிலிருந்து ஓர் ஐடி ஊழியர்: ஒரு ஹெல்த் பேக்கேஜில் 200-க்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஐஜிஜி பார்த்தார்கள். வஞ்சிரம், பால், பாதாம், சீரகம் எல்லாம் சிவப்பில் வந்திருக்கின்றன. எனக்கு இருப்பது வயிற்று உப்புசம் மட்டும்.

தம்பி, கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இது ஐஜிஇ இல்லை, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். நாம் அடிக்கடி சாப்பிடுகிற எதற்கும் உடம்பில் ஐஜிஜி இருக்கத்தான் செய்யும், அது பழக்கத்தின் அடையாளம், நோயின் அடையாளம் இல்லை. உணவு அலர்ஜிக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது, அமெரிக்க, கனடா அமைப்புகளும் அதையேதான் சொல்கின்றன. சிவப்பில் வந்ததெல்லாம் நீங்கள் விரும்பிச் சாப்பிடுகிறவையாக இருக்கும், சரிதானே? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உப்புசத்துக்கு ஒரு வயிற்று டாக்டரைப் பாருங்கள்.

திருச்சி வாசகர்: மீன் அலர்ஜி டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? தினமும் அலர்ஜி மாத்திரை போடுகிறேன், நிறுத்த வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். தோலில் குத்திப் பார்க்கிற பரிசோதனைக்குத்தான் செட்டிரிசின், அவில் மாதிரி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தத்துக்கு அது தேவையில்லை. உடம்பெல்லாம் தோல் கரப்பான் இருந்து கையில் நல்ல தோலே இல்லாதவர்களுக்கும் ரத்தம்தான் வசதி. ஆனால் தோல் பரிசோதனைக்கு ஒரு பெருமை உண்டு: காட் மீன் மருந்துக் குப்பி இல்லாவிட்டால் நீங்கள் சாப்பிட்ட மீனிலேயே ஒரு துண்டைக் கொண்டுவரச் சொல்லி, ஊசி முனையால் முதலில் மீனைக் குத்தி அதே முனையால் முன்கையில் லேசாகக் குத்திப் பார்ப்பார்கள். கால் மணி நேரத்தில் கொசு கடித்த மாதிரி வீங்குகிறதா என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். நம்மூர் மீனுக்கு இதைவிட நேரடியான வழி இல்லை. ஆனால் வீட்டில் செய்துபார்க்கக் கூடாது.

கடுமையாக ஒவ்வாமை வந்து சில நாட்களுக்குள் பரிசோதித்தால் அளவு குறைவாகக் காட்டுவதுண்டு, அதனால் ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்துச் செய்வது நல்லது.

மதுரையிலிருந்து ஒரு நர்சிங் மாணவி: ரத்தத்தில் அலர்ஜி இருக்கிறது என்று முதன்முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாடப் புத்தகத்தில் பி-கே டெஸ்ட் என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது.

நல்ல கேள்வி, ஏனென்றால் அந்தக் கதையிலேயே மீன் இருக்கிறது. ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இப்போது போலந்தில் இருக்கிறது) கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்று இரண்டு டாக்டர்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. வெந்த மீன் கொஞ்சம் உள்ளே போனாலும் அரிப்பும் தடிப்பும் இருமலும் வரும். பிராஸ்னிட்ஸுக்கு மீனால் ஒன்றும் ஆகாது. கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்து, அதில் துளியைப் பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார்கள். அந்த ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்தது. மீன் அலர்ஜி கூஸ்ட்னரின் தோலிலோ வயிற்றிலோ இல்லை, ரத்தத்தில் ஏதோ ஒன்றாக இருக்கிறது, அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியும் என்று 1921-இல் எழுதினார்கள். நீங்கள் படித்த பி-கே என்பது இந்த இரண்டு பேரின் முதலெழுத்து.

அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்று தெரிய இன்னும் 45 வருஷம் ஆனது. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோவும் ஒரு பக்கம், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் இன்னொரு பக்கம், 1966, 67-இல் தனித்தனியாக அதைப் பிடித்தார்கள். 1968-இல் ஐஜிஇ என்று பெயர் உறுதியானது. உப்சாலாக்காரர்கள் 1967-லேயே அதை ரத்தத்தில் அளக்கிற முறையையும் கொண்டுவந்துவிட்டார்கள், கதிரியக்கப் பொருளை ஒட்டவைத்து எண்ணுகிற முறை. இன்று கதிரியக்கம் இல்லாமல் ஒளியை வைத்து அளக்கிறார்கள். நார்வேயில் ஷெல் ஆஸும் சயீத் எல்சயெதும் காட் மீனிலிருந்து பார்வால்புமினைப் பிரித்தெடுத்ததும் அந்தக் காலகட்டத்தை ஒட்டித்தான். உணவுகளில் இப்படிச் சுத்தமாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் அலர்ஜிப் பொருள் மீனுடையது. ஒருவர் சீரத்தை இன்னொருவருக்கு ஏற்றுகிற பழைய பி-கே டெஸ்ட் இன்று கிடையாது. மஞ்சள் காமாலைக் கிருமியைக் கடத்திவிடும் என்று கைவிட்டார்கள்.

சேலம் வாசகர்: என் அம்மாவுக்கு மீன் அலர்ஜி. சிடி ஸ்கேனுக்கு அயோடின் மருந்து ஏற்ற வேண்டுமாம். மீன் ஆகாதவர்களுக்கு அயோடின் ஆகாது என்கிறார்கள்.

ஆஸ்பத்திரிகளிலேயே உலாவுகிற பழைய தவறு இது. மீனில் ஆகாதது புரதம், அயோடின் இல்லை. அயோடின் ஆகாது என்றால் வீட்டு உப்பே ஆகாதே! முன்பு ஸ்கேன் மருந்துக்கே ஏதாவது ஆகியிருந்தால் சொல்லுங்கள், அது வேறு விஷயம்.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, இப்போது டொரன்டோவில் இருக்கும் வாசகி: மீனை முற்றாக விட்டுவிட்டேன். ஆனாலும் இரண்டு தடவை வாய் அரித்துத் தடித்தது. ரத்தப் பரிசோதனையில் மீனைத் தவிர வேறொன்றும் இல்லை.

அக்கா, சம்பலில் பாருங்கள். மாசிக்கருவாடு இடித்துப் போட்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது, அது சூரை மீன். தாய்லாந்து, வியட்நாம் சாப்பாட்டுக் கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் விடுவார்கள். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. மீன் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரிக்கிற கடைகளும் உண்டு. கனடாவில் பொதி உணவுகளின் லேபிளில் மீன் இருந்தால் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதைப் படிக்கிற பழக்கம் வரட்டும். உங்களுக்கு அங்கே அட்ரினலின் பேனா கிடைக்கும், டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கைப்பையில் வையுங்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: மனைவிக்கு மீன் சாப்பிட்டால் மட்டுமல்ல, பக்கத்தில் குழம்பு கொதித்தாலே மூச்சு இரைக்கிறது. மனப்பிரமை என்கிறார் என் அண்ணி.

பிரமை இல்லை. மீன் கொதிக்கிற ஆவியோடு அதன் புரதமும் மிதந்து வரும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். கருவாட்டை உதறும்போது பறக்கிற தூசியும் அப்படி. மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் நன்றாகப் பதிவான விஷயம். அவர் ரத்தத்தில் மீன் ஐஜிஇ பாருங்கள், கூடவே ஊதிப் பார்க்கிற நுரையீரல் பரிசோதனையும் செய்யுங்கள். மீன் சமைக்கிற நாளில் அவர் அடுப்படியில் இருக்க வேண்டாம். அண்ணியே சமைக்கட்டும்.

நாகப்பட்டினம் வாசகி: எனக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் அலர்ஜி, ரத்தத்தில் 14 இருக்கிறது. குழந்தை பிறந்து ஒரு மாதம். பால் சுரக்கச் சுறாப்புட்டு சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிறார் மாமியார், ‘சுறா மீனில் சேர்த்தியே இல்லை’ என்கிறார். உண்மையா?

உங்கள் மாமியார் பாதி சரி என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சுறாவும் திருக்கையும் முள் இல்லாத, குருத்தெலும்பு மீன்கள். அவற்றின் பார்வால்புமின் மற்ற மீன்களுடையதிலிருந்து நிறையவே வேறுபட்டது. வஞ்சிரமும் வவ்வாலும் ஆகாத பலர் திருக்கையைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருப்பதை ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் பலர் என்றால் எல்லோரும் இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் 14 சொல்லாது, அது பெரும்பாலும் காட் மீனுக்கான எண். சுறாவுக்குத் தோல் பரிசோதனை செய்து, அதுவும் நெகட்டிவாக இருந்தால், அட்ரினலின் தயாராக இருக்கிற ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து துளியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். உணவு அலர்ஜியில் கடைசித் தீர்ப்பு சொல்வது இந்தச் சாப்பிட்டுப் பார்க்கிற பரிசோதனைதான், ரத்தம் இல்லை. கைக்குழந்தையோடு இப்போது அதற்கு அவசரம் என்ன? மார்க்கெட்டில் சுறா அறுத்த அதே கத்தியில்தான் வஞ்சிரமும் அறுப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

பால், குழந்தை அடிக்கடி சப்பிக் குடித்தாலே ஊறும். மீன் சாப்பிடாததால் குறையாது. ஆறு மாதம் முடிந்து குழந்தைக்கு மற்ற உணவுகளை ஆரம்பிக்கும்போது மீனும் கொடுக்கலாம், உங்களுக்கு அலர்ஜி என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முன்கூட்டியே குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். முள் எடுத்து ஊட்டுகிற வேலையை மாமியாரிடம் விட்டுவிடுங்கள், உங்கள் கைக்கு அது ஆகாது.